ஜப்பானின் நடுத்தர நகரத்தில் குடியேறுவது எப்படி: ஹமமட்சுவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

முகவரி இல்லாமல் போன் நம்பர் கிடைக்காது. போன் நம்பர் இல்லாமல் வங்கிக் கணக்கு கிடைக்காது. இரண்டும் இல்லாதவருக்கு வீடு தர ஆள் இல்லை, வீடு இல்லையென்றால் முகவரி இல்லை. ஜப்பானில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வட்டத்தில்தான் மாட்டுகிறார்கள். டோக்கியோவில் ஆங்கிலம் பேசும் ஏஜென்ட், ஆங்கிலப் படிவம் என்று சுற்றுவழி ஏதாவது இருக்கும். நடுத்தர நகரத்தில் அது குறைவு. வேலைகளைச் சரியான வரிசையில் செய்வது ஒன்றுதான் வழி.

இங்கே ஹமமட்சுவை உதாரணமாக எடுத்திருக்கிறேன். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே, ஷிசுஓகா மாகாணத்தின் மேற்கில், எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் ஊர். சுசுகியின் தலைமையகம் இங்கே இருப்பதால் நம் ஊர்ப் பொறியாளர்கள் வந்துபோகிற ஊரும்கூட. கனசாவா, ஒகயாமா, உட்சுனோமியா என்று வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றாலும் வரிசை இதேதான், அலுவலகத்தின் பெயரும் பேருந்தின் பெயரும்தான் மாறும்.

1. ஊரை விட்டுக் கிளம்பும் முன்

தகுதிச் சான்றிதழ் (விசாவுக்கு முன் ஜப்பான் குடிவரவுத் துறை தருவது) கைக்கு வந்த பிறகு பொதுவாக 3 மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைந்துவிட வேண்டும். விசா எடுக்கும் நாட்களையும் அதற்குள் கணக்கில் வையுங்கள்.

கார் ஓட்டத் தெரிந்தவர் என்றால் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஜப்பான் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்த அனுமதியை ஏற்கிறது, இந்தியா கொடுப்பது அதில் அடங்கும். இறங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு வருடம் ஓட்டலாம். கூடவே அசல் லைசென்ஸையும் பழைய பாஸ்போர்ட்டுகளையும் கட்டாயம் எடுத்து வாருங்கள். லைசென்ஸ் வாங்கிய பிறகு அந்த நாட்டில் மொத்தம் 3 மாதமாவது இருந்தீர்கள் என்று பின்னால் நிரூபிக்க வேண்டியிருக்கும், அதற்குச் சாட்சி பாஸ்போர்ட் முத்திரைகள்தான். பழைய பாஸ்போர்ட்டை ஊரில் பீரோவுக்குள் வைத்துவிட்டு வந்து, அப்புறம் கூரியருக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுவருவதானால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் அதிகம் கலந்த சளி மாத்திரைகளுக்கு அனுமதியே இல்லை.

உணவில் இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம், கருவாட்டுப் பொட்டலத்தோடு மட்டன் ஊறுகாய் வைக்கும் பழக்கமிருந்தால் ஊறுகாயை எடுத்துவிடுங்கள். பச்சை இலை, பழம், விதை போன்றவை தாவரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே வராது. பருப்புக்கும் அதே சான்றிதழ் வேண்டும், கடையில் அடைத்து விற்கும் அரைத்த மசாலாப் பொடியைக் கொண்டுவரலாம்.

கையிருப்பாக இரண்டு மாதச் செலவுக்கான பணம் வேண்டும். முதல் சம்பளம் பல இடங்களில் அடுத்த மாதம்தான் வரும், வீட்டு முன்பணமோ அதற்கு முன்பே கேட்பார்கள்.

2. பெயரை எப்படி எழுதுவது என்று ஒரே முறை முடிவு செய்யுங்கள்

இதற்குத் தனி எண் போட்டுத் தலைப்பு வைத்திருக்கக் காரணம் இருக்கிறது. தமிழர்களுக்கு வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் வசிப்பு அட்டையில் (சைர்யூ கார்டு என்பார்கள்) பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ரோமன் எழுத்தில் வரும். ஆனால் வார்டு அலுவலகம், வங்கி, மருத்துவமனை, மின் நிறுவனம் எல்லாம் கதகனா எழுத்தில் (அயல் பெயர்களை ஒலிப்படி எழுதும் ஜப்பானிய எழுத்து) கேட்கும். செந்தில்குமார் என்ற பெயரை வங்கியில் ‘சென்திருகுமாரு’ என்றும் கம்பெனியில் ‘சென்திருகுமரு’ என்றும் எழுதினால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர், சம்பளம் திரும்பிப் போய்விடும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்களுக்கும், அப்பா பெயர் அந்த இடத்தில் இருப்பவர்களுக்கும் இன்னொரு தொல்லை உண்டு. ஜப்பானியப் படிவங்களில் இரண்டு கட்டமும் நிரம்பினால்தான் அடுத்த பக்கம் போகும். எதை முதல் கட்டத்தில் போடுவது, எதை இரண்டாவதில் போடுவது என்று முதல் நாளே தீர்மானியுங்கள்.

கம்பெனியின் மனிதவளப் பிரிவில் ஜப்பானியர் ஒருவரை உட்கார வைத்து, கதகனாவில் ஒரு தாளில் எழுதி வாங்கி, அதைப் படமெடுத்து போனில் வையுங்கள். இடைவெளி இருக்கிறதா, நீட்டல் கோடு இருக்கிறதா என்பது வரை அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

3. இறங்கும் நாள்

நரிதா, ஹனேதா, சூபு, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் வசிப்பு அட்டையை அங்கேயே தந்துவிடுவார்கள். இவற்றில் ஹமமட்சுவுக்கு நகோயா பக்கத்திலுள்ள சூபு விமான நிலையம்தான் கிட்டே, அங்கிருந்து நேரடிப் பேருந்து உண்டு. டோக்கியோ வழியாக வருபவர்கள் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறும் முன் பலகையைப் பாருங்கள்: நொசோமி இங்கே நிற்காது, கொடாமாவும் சில ஹிகாரி வண்டிகளும்தான் நிற்கும்.

கவுன்டரை விட்டு நகரும் முன் அட்டையில் பெயர், பிறந்த தேதி, விசா வகை, கடைசி நாள் நான்கையும் படித்துவிடுங்கள். அட்டையின் பின்பக்கம் முகவரிக்கான இடம் காலியாக இருக்கும், அதை நிரப்புவது அடுத்த வேலை. இந்த அட்டையை எப்போதும் உடம்போடு வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம், தெருமுனைக் கடைக்குப் போனாலும் சரி.

4. முதல் மாதத்துக்குத் தற்காலிக வீடு

நான் மேலே சொன்ன வட்டத்தை உடைப்பது இந்தப் படிதான். வந்தவுடன் நிரந்தர வீடு தேடாதீர்கள். கம்பெனி விடுதியோ, லியோபாலஸ் போன்ற சாமான்களோடு கூடிய வாடகை அறையோ, மாத வாடகைக் குடியிருப்போ ஒன்றைப் பிடியுங்கள். வாடகை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த முகவரியில் குடிவந்ததாகப் பதிவு செய்யலாமா?” ஓட்டல்களில் பொதுவாக முடியாது. இதைக் கேட்காமல் மலிவான ஓட்டலில் மூன்று வாரம் தங்கினால் அந்த மூன்று வாரமும் போனும் வங்கியும் இல்லாமல்தான் போகும்.

5. வார்டு அலுவலகம்: 14 நாட்களுக்குள்

குடிபுகுந்த 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஹமமட்சுவில் 2024 ஜனவரி 1 முதல் ஏழு வார்டுகள் மூன்றாகிவிட்டன: சூஓ, ஹமானா, டென்ரியு. பழைய வலைப்பக்கங்களிலும் பழைய ஒப்பந்தத் தாள்களிலும் இன்னும் நகா, ஹிகாஷி என்று பழைய வார்டுப் பெயர்களே இருக்கின்றன, அவற்றைப் பார்த்து முகவரி எழுதாதீர்கள்.

கொண்டு போக வேண்டியவை: பாஸ்போர்ட், வசிப்பு அட்டை, அறை எண் உட்பட முழு முகவரி. குடும்பத்தோடு வந்தால் திருமணச் சான்றும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றும், அவற்றின் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு. மொழிபெயர்ப்பை நீங்களே செய்யலாம், செய்தவர் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

ஒரே வருகையில் முடிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முகவரி பதிந்ததும் மைனம்பர் (நம் ஆதார் மாதிரியான தனிநபர் எண்) அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கம்பெனியின் சமூகக் காப்பீட்டில் நீங்கள் இல்லையென்றால் தேசிய சுகாதாரக் காப்பீட்டிலும் தேசிய ஓய்வூதியத்திலும் அன்றே சேருங்கள். தள்ளிப் போட்டாலும் தொகை குடியேறிய மாதத்திலிருந்தே கணக்காகும். பிள்ளைகள் இருந்தால் குழந்தை உதவித்தொகைக்கும் அன்றே எழுதுங்கள். 2024 அக்டோபர் முதல் வருமான உச்சவரம்பு இல்லாமல் மேல்நிலைப் பள்ளி வயதுவரை தருகிறார்கள், 3 வயதுக்குக் கீழே மாதம் 15,000 யென், மேலே 10,000, மூன்றாம் பிள்ளைக்கு 30,000. குடிவந்த 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் போன மாதத்துப் பணம் போனதுதான். அரசுப் பள்ளியில் சேர்க்கவும் இதே கட்டடத்தில்தான் கேட்க வேண்டும்.

கிளம்பும் முன் ஜூமின்ஹ்யோ என்ற வசிப்புச் சான்றில் இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்கும் வண்டிக்கும் கேட்பார்கள். மைனம்பர் அட்டை வந்த பிறகு கன்வீனியன்ஸ் கடை இயந்திரத்திலேயே அச்செடுக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு: விசாவை நீட்டித்த பிறகு மைனம்பர் அட்டையை மறந்துவிடுவது. அதன் ஆயுள் பழைய விசா தேதியோடு முடிந்துவிடும். புது வசிப்பு அட்டை கிடைத்ததும், பழைய தேதி வருவதற்குள், வார்டு அலுவலகத்தில் அதையும் நீட்டிக்க வேண்டும்.

6. முதலில் போன், அப்புறம் வங்கி

வங்கி ஜப்பானிய எண் கேட்கும், பெரிய போன் நிறுவனங்கள் ஜப்பானிய வங்கிக் கணக்கோ கடன் அட்டையோ கேட்கும். ஆகவே முதல் சிம்மை வெளிநாட்டவருக்கென்றே நடத்தும் சகுரா மொபைல், மோபல் மாதிரி நிறுவனங்களிடம் வாங்குங்கள். குரல் அழைப்பு உள்ள எண்ணாக இருக்க வேண்டும், டேட்டா மட்டும் உள்ள சிம்மில் வங்கி வேலை நடக்காது. கணக்கு திறந்த பிறகு எண்ணை மாற்றாமலே மலிவான நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

வங்கியில் ஒரு நுணுக்கம். வந்து 6 மாதம் ஆகாதவரை ‘ஜப்பானில் வசிக்காதவர்’ என்று வைத்து, கணக்கே தராமலோ பணம் அனுப்பும் வசதி இல்லாத கணக்கு தந்தோ அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி ஜப்பானிலுள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் 6 மாதம் காத்திருக்காமலே ‘வசிப்பவர்’ ஆகிறார். அதனால் கம்பெனி அடையாள அட்டையையும் வேலை ஒப்பந்தத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கம்பெனி எந்த வங்கியில் சம்பளம் போடுகிறதோ, அதன் பக்கத்துக் கிளைக்கே போவது நல்லது, வெளிநாட்டவர் படிவம் அவர்களுக்குப் பழகியிருக்கும்.

ஊருக்குப் பணம் அனுப்ப மைனம்பர் கேட்பார்கள். அப்புறம், வசிப்பு அட்டையைப் புதுப்பித்ததும் வங்கிக்கும் தெரிவியுங்கள். பழைய தேதி தாண்டினால் கணக்கை முடக்கிவிடும் வங்கிகள் உண்டு, அன்று வாடகை கழிக்கும் நாளாக இருந்தால் தலைவலிதான்.

7. நிரந்தர வீடு

இப்போது உங்களிடம் முகவரி, எண், கணக்கு மூன்றும் இருக்கின்றன, தேடலாம்.

முதல் செலவைத் தெளிவாகப் போடுங்கள். வாடகை 50,000 யென் என்று வைத்துக்கொள்வோம். திரும்பக் கிடைக்கும் முன்பணம் (ஷிகிகின்) ஒரு மாதம், திரும்பாத காணிக்கை (ரெய்கின்) ஒரு மாதம், ஏஜென்ட் கட்டணம் ஒரு மாதமும் வரியும், உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம், தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, முதல் மாத வாடகை. தீக்காப்பீட்டையும் பூட்டையும் சேர்க்காமலே கூட்டினால் 2,30,000 முதல் 2,55,000 யென் கையில் வேண்டும். யூஆர் என்ற பொது வாடகை வீட்டு வாரியத்தின் குடியிருப்பு உங்கள் ஊரில் இருந்தால் பாருங்கள்: காணிக்கை, ஏஜென்ட் கட்டணம், உத்தரவாதி, புதுப்பிப்புக் கட்டணம் நான்கும் இல்லை, முன்பணம் மட்டும் இரண்டு மாதம்.

வெளிநாட்டவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். வருத்தமான விஷயம்தான். ஏஜென்டிடம் முதலிலேயே “வெளிநாட்டவருக்குத் தருவார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டால், பிடித்துப்போன வீட்டை மாலையில் இழக்கும் நிலைமை வராது.

இடத்தைத் தேர்வதில் டோக்கியோ கணக்கு இங்கே செல்லாது. ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடம் என்பதைவிட, கார் இல்லாமல் வாழ முடியுமா என்று கேளுங்கள். ஹமமட்சுவில் ஷின்-ஹமமட்சுவிலிருந்து நிஷி-காஜிமா வரை 17.8 கிலோமீட்டர் ஓடும் என்ஷூ ரயில் பகலில் 12 நிமிடத்துக்கு ஒன்று வரும். அதன் ஓரத்தில் வீடு கிடைத்தால் முதல் வருடம் கார் இல்லாமலே ஓட்டிவிடலாம். பேருந்தை நம்பி வீடு பிடிப்பதானால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்திலேயே போய்ப் பாருங்கள். உள்ளூர் ரயில், பேருந்து அட்டையும் நாடு முழுக்க ஓடும் ஜேஆர் ரயில்களின் அட்டையும் வெவ்வேறாக இருக்கும் ஊர் இது, ஏறும் முன் எது செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் நகராட்சியின் ஆபத்து வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். இது கடலடியிலுள்ள நன்காய் பள்ளத்தில் வரக்கூடிய பெரும் நிலநடுக்கத்தை எதிர்பார்த்து வாழும் கரை. 2020இல் 17.5 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவரைக் கட்டி முடித்தார்கள், இருந்தாலும் தெற்கே கடற்பக்கம் வீடு பார்ப்பவர்கள் எந்தக் கட்டடத்தின் எந்த மாடிக்கு ஓட வேண்டும் என்பது வரை தெரிந்து வையுங்கள். கட்டடம் 1981 ஜூனுக்குப் பிந்தைய நிலநடுக்க விதிப்படி அனுமதி பெற்றதா என்றும் கேளுங்கள்.

8. மின்சாரம், தண்ணீர், கேஸ், சமையலறை

மின்சாரத்தையும் தண்ணீரையும் இணையத்தில் பதிந்தால் போதும். கேஸுக்கு மட்டும் ஆள் வந்து திறந்துவிட வேண்டும், நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். குடிபுகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே நேரம் குறியுங்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் ஊரே வீடு மாறும், நேரம் கிடைக்காது, குளிர் இன்னும் முழுசாக விடாத அந்த நாட்களில் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டிவரும்.

நடுத்தர நகரங்களில் பலரையும் சறுக்கவிடுவது கேஸ்தான். நகர மையத்தில் குழாய் கேஸ், வெளியே வந்தால் புரொபேன். வீட்டுக்குப் பின்னால் சாம்பல் நிற சிலிண்டர்கள் சங்கிலியால் கட்டி நின்றால் அது புரொபேன். அதன் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வைக்கிறது, குளிர்காலத்தில் தினமும் தொட்டியில் குளிக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் வாடகை வித்தியாசத்தையே விழுங்கிவிடும். 2025 ஏப்ரல் முதல் அடிப்படைக் கட்டணம், பயன்பாட்டுக் கட்டணம், சாதனக் கட்டணம் மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்பே அந்த விலைத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் அடுப்பு இருக்காது, கூரை விளக்கும் திரைச்சீலையும்கூடப் பல வீடுகளில் இருக்காது. அடுப்பு வாங்கப் போகும்போது, முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். குழாய் கேஸ் அடுப்பில் 12ஏ, 13ஏ என்றிருக்கும், புரொபேன் அடுப்பில் எல்பி என்றிருக்கும். மாற்றி வாங்கினால் பொருத்த வருபவர் சீட்டைப் பார்த்ததுமே குழாயைக் கீழே வைத்துவிடுவார், எவ்வளவு கெஞ்சினாலும் பொருத்தமாட்டார், பொருத்தவும் கூடாது. பழைய பொருள் கடையில் மலிவாக வாங்குபவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

நிலம் பலமாக அதிர்ந்தால் கேஸ் மீட்டர் தானாக மூடிக்கொள்ளும். கேஸ் வரவில்லை என்று பயப்பட வேண்டாம். கேஸ் வாசனை இல்லை என்று உறுதி செய்து, எல்லாச் சாதனங்களையும் அணைத்து, மீட்டரின் மீள்பொத்தானை அழுத்தி, மூன்று நிமிடம் காத்திருங்கள். பொத்தான் எங்கே என்று கேஸ் திறக்க வருபவரிடம் முதல் நாளே காட்டச் சொல்லுங்கள்.

மிக்சி கொண்டுவருவது பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஜப்பானில் 100 வோல்ட். ஊர் மிக்சியைச் செருகினால் மாவு அரையாது. அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட்டில் செய்யும் மிக்சியை வாங்கி வந்தால் நேரடியாக ஓடும், வேகம் கொஞ்சம் குறையும் அவ்வளவுதான். 230 வோல்ட் மிக்சிதான் இருக்கிறது என்றால் வோல்ட்டைக் கூட்டித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், மிக்சி 750 வாட் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வாட் தாங்குவதாக இருக்கட்டும். ஒரு செருகுமுனைக்குப் பொதுவாக 1,500 வாட்தான் எல்லை, அதே முனையில் ரைஸ் குக்கரையும் சேர்க்காதீர்கள். கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு, இரவு எட்டு மணிக்கு முன் அரைத்து முடித்துவிடுங்கள், மரக் கட்டடத்தில் அந்தச் சத்தம் கீழ்வீட்டுக் கூரையில் உருளும்.

சுத்த சைவம் என்றால் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள்: காய்கறிக் குழம்பு, டோஃபு உணவு, நூடுல்ஸ் சூப் எதிலும் உலர் மீன் சாறு சேர்ந்திருக்கலாம். பருப்பு, கொண்டைக்கடலை வாங்க கியோமு சூப்பர், நீள அரிசியும் மசாலாவும் வாங்க ஹலால் கடை அல்லது இணையம்.

9. குப்பை

அண்டை வீட்டார் உங்களைப் பற்றி முடிவு செய்வது இதை வைத்துத்தான், ஆகவே அசட்டையாக இருக்க வேண்டாம். வார்டு அலுவலகத்தில் உங்கள் பகுதிக்கான குப்பை நாட்காட்டியை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக் உறை, பெட் பாட்டில், கண்ணாடி, அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். நகராட்சி குறிப்பிட்ட பைகள் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும்.

முந்தின இரவே வெளியே வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. காக்கை கிழித்துத் தெரு முழுக்கப் பரப்பிவிடும். காலையில் வைத்து, அங்கே உள்ள வலையை இழுத்து மூடுங்கள். தவறாகப் பிரித்த பையை எடுக்காமல் அறிவிப்பு ஒட்டி விட்டுவிடுவார்கள், அதைத் திரும்ப எடுத்துவந்து பிரித்து வைப்பது உங்கள் பொறுப்பு.

பல இடங்களில் குப்பைமேடையைப் பராமரிப்பது குடியிருப்போர் சங்கமான ஜிசிகாய். சந்தா கட்டச் சொன்னால் கட்டுங்கள், சுத்தம் செய்யும் முறை வந்தால் போய் நில்லுங்கள். பேரிடர் வந்தால் உங்கள் வீட்டுக் கதவை முதலில் தட்டப்போவது அவர்கள்தான்.

10. வண்டி

மிதிவண்டி முதலில். கடையிலேயே திருட்டுத் தடுப்புப் பதிவு செய்து தருவார்கள். ஷிசுஓகா மாகாணத்தில் மிதிவண்டிக்கும் காப்பீடு கட்டாயம். 2026 ஏப்ரல் முதல் 16 வயது நிரம்பிய மிதிவண்டிக்காரர்களுக்கும் அபராதச் சீட்டு உண்டு, ஓட்டிக்கொண்டே போன் பார்த்தால் 12,000 யென். குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து அடிக்கும் என்ஷூ வறண்ட காற்றில் மிதிவண்டி நகராது, அதையும் கணக்கில் வையுங்கள்.

கார் லைசென்ஸை மாற்ற வந்த மூன்று மாதத்திலேயே தொடங்குங்கள். சர்வதேச அனுமதியின் ஒரு வருடம் முடிவதற்குள் தேர்வில் பலமுறை தோற்கவும் நேரம் வேண்டும். இடையில் ஊருக்குப் போய் 3 மாதத்துக்குள் திரும்பினால் புது அனுமதி வாங்கினாலும் புது வருடம் கணக்கில் தொடங்காது, இதை அறியாமல் ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்.

வரிசை: ஜாஃப் என்ற வாகன ஓட்டிகள் அமைப்பிடம் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு, ஜூமின்ஹ்யோ, பாஸ்போர்ட்டுகள், படம், அசல் லைசென்ஸ். இவற்றோடு ஹமானா வார்டில் உள்ள மேற்குப் பகுதி லைசென்ஸ் மையத்துக்குப் போக வேண்டும். 2025 அக்டோபர் முதல் எழுத்துத் தேர்வில் 10 கேள்விகளுக்குப் பதில் 50 கேள்விகள், 45 சரியாக வேண்டும். பழைய வீடியோக்களைப் பார்த்து ‘சும்மா பத்துக் கேள்விதான்’ என்று போகாதீர்கள்.

ஓட்டும் தேர்வில் நம்மவர்கள் தோற்பது ஓட்டத் தெரியாததால் இல்லை. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் என்பதால் தைரியமாகப் போகிறார்கள், பழகிய கையே காலை வாரிவிடுகிறது. இடது பக்கம் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள்: 30 மீட்டர் முன்பே இண்டிகேட்டர், பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, தலையைத் திருப்பி இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, வண்டியை இடது ஓரத்தோடு ஒட்டி நகர்த்தல், திரும்பும் முன் மறுபடி ஒரு பார்வை. கண் மட்டும் அசைந்தால் தேர்வாளருக்குத் தெரியாது, தலை திரும்ப வேண்டும். நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், மெல்ல ஊர்ந்தால் அங்கேயே முடிந்தது. ரயில்வே கிராசிங்கில் கேட் திறந்திருந்தாலும் நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும், பாதசாரிக் கோட்டில் ஒருவர் நின்றாலே நிறுத்த வேண்டும். தேர்வுக்கு முன் ஓட்டுநர் பள்ளியில் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பழகுங்கள், வீண்போகாது.

முதல் காராக மஞ்சள் நம்பர் பலகை உள்ள 660 சிசி கெய் காரையே சொல்வேன். வரி வருடம் 10,800 யென், தெருக்களும் ஒடுக்கம். பழைய கார் வாங்கும்போது விலையைவிட ஷகென் என்ற கட்டாயப் பரிசோதனைக்கு எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்று பாருங்கள். கட்டாயக் காப்பீடு எதிராளியின் உடற்காயத்தை மட்டும்தான், அதுவும் ஓரளவுக்குத்தான், தாங்கும். விருப்பக் காப்பீடு இல்லாமல் சாவியையே திருப்பாதீர்கள்.

11. மருத்துவம்

காப்பீடு இருந்தால் செலவில் 30 சதவீதம் உங்களுடையது. 2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டைகளைப் புதிதாகத் தருவதில்லை. மைனம்பர் அட்டையில் காப்பீட்டை இணையுங்கள், அட்டை வரும்வரை தகுதி உறுதித்தாளைக் காட்டுங்கள்.

காய்ச்சல் என்றதும் பெரிய மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். அறிமுகக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போனால் முதல் வருகைக்குக் குறைந்தது 7,000 யென் கூடுதல். முதலில் பக்கத்து கிளினிக், அவர்கள் எழுதிக் கொடுத்தால் பெரிய இடம். பல கிளினிக்குகள் நடுப்பகலில் மூடிவிடும், வாரநாள் ஒன்றில் விடுமுறையும் இருக்கும். பிள்ளைகளுக்கு இரவில் உடம்பு சரியில்லையென்றால் #8000, ஆம்புலன்சுக்கு 119.

12. வரி: இரண்டாம் வருடம் ஜூனில் வரும் அடி

முதல் வருடம் வாசி வரி (வசிக்கும் ஊருக்குக் கட்டும் வரி) இல்லை. முந்தைய வருட வருமானத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம், ஜனவரி 1 அன்று எந்த ஊரில் பதிந்திருக்கிறீர்களோ அந்த ஊருக்கு, ஜூன் முதல் பிடிப்பார்கள். முதல் வருடச் சம்பளத்தைப் பார்த்து ஊரில் கடன் தவணையை முடிவு செய்தவர்கள் இரண்டாம் வருடம் திணறுகிறார்கள். முதல் மாதத்திலிருந்தே அந்தப் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

ஊரிலுள்ள பெற்றோரைச் சார்ந்தோராகக் காட்டலாம். ஆனால் 2023 முதல் 30 முதல் 69 வயது வரையுள்ளவர்களுக்குப் பொதுவாக வருடத்துக்கு ஆளுக்கு 3,80,000 யென் அனுப்பிய ரசீது வேண்டும். அப்பா கணக்குக்கே இருவருக்கும் சேர்த்து அனுப்பினால் அம்மாவுக்குக் கணக்கில் வராது, தனித்தனியாக அனுப்புங்கள்.

கம்பெனி மாறினால் 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவியுங்கள். விசா நீட்டிப்புக்கு 3 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஹமமட்சுவிலேயே அதற்குக் கிளை அலுவலகம் இருக்கிறது.

13. ஊரை விட்டுக் கிளம்பும்போது

இதை இப்போதே படித்து வையுங்கள், கடைசி வாரத்தில் நேரம் இருக்காது. வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், சிலவற்றில் இரண்டு மாதம். குடிபுகுந்த அன்று சுவர், தரை, கழிவறை எல்லாவற்றையும் எடுத்துவைத்த படங்கள் முன்பணத்தைத் திரும்ப வாங்க உதவும், ஆகவே அவற்றைக் குடிபுகும் நாளிலேயே எடுங்கள்.

வேறு ஊருக்கு மாறினால் வெளியேறும் பதிவு பழைய ஊரில், பிறகு 14 நாட்களுக்குள் புதிய ஊரில். நாட்டை விட்டே போவதானால் வெளியேறும் பதிவோடு, மீதமுள்ள வாசி வரியைக் கட்ட உங்கள் சார்பில் ஒருவரை வரிப் பொறுப்பாளராக எழுதிக் கொடுங்கள். டிசம்பர் கடைசியில் போவதா, ஜனவரி முதல் வாரத்தில் போவதா என்று யோசிப்பவர்கள் ஜனவரி 1 கணக்கை நினைவில் வைத்து டிக்கெட் எடுங்கள்.

இந்தியக் கம்பெனி அனுப்பி 5 வருடத்துக்குள் திரும்புபவராக இருந்தால், 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி ஜப்பானிய ஓய்வூதியத்திலிருந்து விலக்கு உண்டு, அதற்கான சான்றை இந்திய வைப்பு நிதி அலுவலகத்தில் வருவதற்கு முன்பே வாங்க வேண்டும். ஜப்பானில் கட்டியவர்கள், 6 மாதமாவது கட்டியிருந்தால், வெளியேறிய 2 வருடத்துக்குள் ஒரேதொகையாகத் திரும்பக் கேட்கலாம். கம்பெனி ஓய்வூதியத்துக்குரிய தொகையில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள், அதை வரி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் வரிப் பொறுப்பாளர் மூலம் திரும்பக் கேட்கலாம். ஆனால் தொகையை வாங்கினால் அந்தக் காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துவிடும், மறுபடி ஜப்பானுக்கு வரும் எண்ணம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் எண்ணம் இல்லாமல் போகிறவர்கள் விமான நிலையத்தில் வசிப்பு அட்டையை ஒப்படைக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் திரும்புவதானால் மறுநுழைவுச் சீட்டில் அதற்குரிய கட்டத்தில் குறியிடுங்கள். அந்தக் குறி விடுபட்டால் விசாவே ரத்தாகிவிடும், தகுதிச் சான்றிதழிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.